பறக்கக் கற்பது எப்படி?



ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் செனாய் விமான நிலையம் உள்ளது. அது 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் அதனைச் சுற்றிலும் இருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும், தலைக்குமேல் எழுந்த ஒலியைக் கேட்டு, வேலையைச் சற்று நிறுத்தி அண்ணாந்து பார்த்திருப்பர். இன்றும் விமானத்தைக் கண்டால் கையசைக்காத குழந்தை உண்டோ?

ஒரு நாள் அறிவியல் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, பஸ் ஓட்டக் கற்பவர் தடுமாறினால் பிரேக்கை மிதித்துச் சாலையோரம் நிறுத்தலாம். விமானம் ஓட்டக் கற்பவர் வானத்தில் தடுமாறினால் எங்கே நிறுத்துவார்?” என்று வினவினான். சிலர் சிரித்தனர். ஆயினும் அது சிறந்த வினாவாகும். அதற்குரிய விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு இருக்கைகள், இரண்டு பிடிகள்

பறக்கப் பழகுவோர் பெரிய விமானத்தில் தொடங்குவதில்லை. இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய விமானத்தில்தான் பெரும்பாலோர் தொடங்குவர். செஸ்னா 150, செஸ்னா 152 என்பவை அத்தகைய விமானங்களுள் புகழ்பெற்றவை. 1950-களின் இறுதியிலிருந்து 1985 வரை இவ்விரு வகைகளிலும் சேர்த்து 30,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. நம் நாட்டிலும் 1990-களில் ‘ஏரோதீகா’ என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் உருவாக்கப்பட்டது. அதன் மூல வடிவம் சுவிட்சர்லாந்து நாட்டினுடையது.

செஸ்னா 152-இன் சிறகுகளின் நீளம் முனைக்கு முனை ஏறக்குறைய 10 மீட்டர். அதன் இயந்திரத்தின் ஆற்றல் 110 குதிரைத்திறன். இடப்பக்க இருக்கையில் மாணவர் அமர்வார். வலப்பக்க இருக்கையில் ஆசிரியர் அமர்வார். இருவர் முன்னும் ஒவ்வொரு பிடி உண்டு. இருவர் காலடியிலும் மிதிகள் உண்டு. மாணவர் பிடியை அசைத்தால் ஆசிரியரின் பிடியும் உடன் அசையும். ஆகவே மாணவரின் கை தவறும்போது ஆசிரியரின் கை அதனைத் திருத்த இயலும்.

இங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆசிரியர் விமானத்தை மாணவரிடம் ஒப்படைக்கும்போது, “இனி விமானம் உம்மிடம்” என்று வாய்விட்டுச் சொல்வார். “விமானம் என்னிடம்” என்று மாணவர் விடை கூறிய பின்னரே ஆசிரியர் தம் கையை எடுப்பார். ஒரே நேரத்தில் இருவரும் பிடித்திழுப்பதும் ஆகாது. மற்றவர் பிடித்திருக்கிறார் என்றெண்ணி இருவரும் விட்டுவிடுவதும் ஆகாது.

இம்முறை தோன்றிய வரலாறு

விமானம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் பயிற்சி இவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை. ஆபத்தான நிலைகளை மாணவருக்குக் காட்டவே பல ஆசிரியர்கள் அஞ்சினர். காட்டாமல் விட்ட ஆபத்து, மாணவர் தனியே பறந்த நாளில் அவரைத் தேடி வந்தது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1917-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கோஸ்போர்ட் என்னும் ஊரில் இராபர்ட் சுமித்-பேரி என்ற படை அதிகாரி இந்நிலையை மாற்றினார். இருவருக்கும் பிடியுள்ள விமானத்திலேயே கற்பிக்க வேண்டும்; ஆபத்தான நிலைக்கு மாணவரை அழைத்துச் சென்று, அதிலிருந்து மீளும் வழியையும் அங்கேயே பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இயந்திரத்தின் இரைச்சலில் ஆசிரியரின் சொல் மாணவரின் காதில் விழுவதற்கென ஒரு பேச்சுக் குழாயும் பயன்பட்டது. அவ்வூரின் பெயராலேயே அது ‘கோஸ்போர்ட் குழாய்’ எனப்பட்டது.

1925-இல் ‘மாத்’ என்னும் சிறு விமானம் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்தது. மரத்தாலும் துணியாலும் ஆன அவ்விமானத்தில் ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம். இத்தகைய சிறு விமானங்களால் பறக்கும் கலை பல நாடுகளுக்கும் பரவியது. நம் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1928-இலேயே ஒரு பறத்தல் கழகம் தோன்றிவிட்டது. இந்தியாவில் ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் விமானியாக உரிமம் பெற்றார். 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே விமானம் ஓட்டி அஞ்சல் கொண்டுவந்தார்.

விமானம் எவ்வாறு எழுகிறது?

நீங்கள் பட்டம் விட்டிருப்பீர்கள். பட்டம் காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. தன்மீது மோதும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றைக் கீழே தள்ளுவதனால் பட்டம் மேலே தள்ளப்படுகிறது. நூலை அறுத்துவிட்டால் பட்டம் காற்றோடு போய் வீழ்ந்துவிடும். நூலின் இழுப்பே அதனைக் காற்றுக்கு எதிரே நிறுத்துகிறது.

விமானத்தின் சிறகு, பட்டத்தின் வேலையைச் செய்கிறது. முன்னே சுழலும் விசிறி, நூலின் வேலையைச் செய்கிறது. விசிறி விமானத்தை முன்னே இழுக்க, சிறகின்மீது காற்று பாய, விமானம் எழுகிறது. மேல்நோக்கிய ஏறுவிசை, கீழ்நோக்கிய எடை, முன்னோக்கிய உந்துவிசை, பின்னோக்கிய இழுவிசை ஆகிய நான்கும் விமானத்தின்மீது செயல்படுகின்றன. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேராகப் பறக்கும்போது ஏறுவிசையும் எடையும் சமமாக இருக்கும். உந்துவிசையும் இழுவிசையும் சமமாக இருக்கும்.

பிடியை முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்குத் தாழும்; பின்னே இழுத்தால் உயரும். பிடியைத் திருப்பினால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும். மிதிகள் வாலிலுள்ள சுக்கானை இயக்கும். தரையில் ஓடும்போதும் மிதிகளால்தான் திருப்ப வேண்டும். மோட்டார் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாளில் பிடியைத் திருப்பிப் பார்த்து, விமானம் திரும்பாதது கண்டு வியப்பதுண்டு!

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

விமானி தம் நினைவாற்றலை மட்டும் நம்புவதில்லை. அச்சிட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பையும் பார்த்துத் தொட்டுச் சோதிக்கிறார். நேற்றுச் சோதித்தோமே என்று இன்று விட்டுவிடுவதில்லை.

எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கிறார். ஏன் தெரியுமா? நம்முடையதைப் போன்ற ஈரமான தட்பவெப்பத்தில் தொட்டிக்குள் நீர் சேரக்கூடும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். இவ்வகைச் சிறு விமானங்கள் பெரிதும் பயன்படுத்தும் எரிபொருளுக்கு நீல நிறம் ஊட்டியிருப்பர். குவளையின் அடியில் நிறமற்ற குமிழ் தெரிந்தால் அது நீராகும். அதனை முற்றிலும் நீக்காமல் புறப்படலாகாது.

அடுத்தது கணக்கு. செஸ்னா 152 தன் எடை உட்பட 757 கிலோகிராம் வரைதான் சுமந்து எழலாம். வெறும் விமானத்தின் எடை 510 கிலோகிராம் என்று கொள்வோம். பயன்படும் எரிபொருள் 93 லிட்டர். 1 லிட்டரின் எடை 0.72 கிலோகிராம், ஆகவே 93 லிட்டருக்கு ஏறக்குறைய 67 கிலோகிராம். 510-உடன் 67-ஐக் கூட்ட 577. 757-இலிருந்து 577-ஐக் கழிக்க 180. இருவரும் அவர்தம் பைகளும் சேர்ந்து 180 கிலோகிராமுக்கு மிகக்கூடாது. 185 இருந்தால் என்ன செய்வது? எரிபொருளில் 5 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 7 லிட்டர் குறைக்க வேண்டும். அவ்விமானம் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 23 லிட்டர் குடிக்கும். ஆகவே பறக்கும் நேரத்தில் 18 நிமிடம் குறையும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் வந்துவிட்டன அல்லவா?

செனாய் ஓடுபாதையின் ஒரு முனையில் 16 என்றும் மறுமுனையில் 34 என்றும் பெரிய எண்கள் எழுதப்பட்டுள்ளன. 16 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 160 பாகை. 34 என்றால் 340 பாகை. ஒரே பாதையை எதிரெதிர்த் திசையில் நோக்குவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 180 பாகை.

வானிலையையும் பார்க்க வேண்டும். ஜொகூரில் பிற்பகலில் கார்முகில் திரண்டு இடியும் மழையும் பெய்வது பலமுறை நாம் காண்பதே. கார்முகிலினுள் காற்று மேலும் கீழுமாகப் பலமாக வீசும். சிறு விமானம் அதற்கு அஞ்சி விலகியே செல்ல வேண்டும். “இன்று பறக்க வேண்டா” என்று முடிவு செய்யத் தெரிவதும் விமானியின் திறமையுள் ஒன்றாகும்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசவும் பழக வேண்டும். கோபுரத்திலிருந்து வரும் முக்கியமான கட்டளைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றைக் கேட்டு வேறொன்றாகப் புரிந்துகொண்டிருந்தால் அப்போதே வெளிப்பட்டுவிடும். புரியாவிட்டால், “மீண்டும் சொல்லுங்கள்” என்று கேட்பதில் எவரும் வெட்கப்படுவதில்லை. புரிந்தது போலத் தலையாட்டுவதே அங்கே பெரும் குற்றம்.

அச்சத்திற்கு எதிராகக் கை பழகுதல்

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். வானில் மாணவர் பழகும் பாடங்களுள் மிக இன்றியமையாதது, சிறகு தன் ஏறுவிசையை இழக்கும் நிலையாகும்.

விமானத்தின் மூக்கை மேன்மேலும் உயர்த்திக்கொண்டே போனால், வேகம் குறையும். சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று கலைந்துவிடும். அப்போது ஏறுவிசை திடீரெனக் குறையும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் விமானம் கீழிறங்கத் தொடங்கும். செஸ்னா 152 நேராகப் பறக்கையில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்குக் குறைந்தால் இந்நிலை வரக்கூடும். அதனை முன்னரே உணர்த்த அதன் இடச் சிறகின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. ஆபத்து நெருங்கும்போது அதன் வழியே காற்று இழுக்கப்பட்டு, உள்ளிருக்கும் சிறு நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். நாதசுரத்தின் சீவாளி ஒலிக்கும் தத்துவம் போன்றதே இதுவும்!

விமானம் கீழிறங்கும்போது மனித மனம் என்ன சொல்லும்? “மூக்கை மேலே தூக்கு, பிடியை இழு” என்றுதான் சொல்லும். அவ்வாறு இழுத்தால் நிலைமை இன்னும் கெடும். பிடியை முன்னே தளர்த்தி மூக்கைத் தாழ்த்த வேண்டும். காற்று மீண்டும் சிறகைத் தழுவும். இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டி மெல்ல மேலெழ வேண்டும். அச்சம் ஒன்றைச் சொல்லும். அறிவு மற்றொன்றைச் சொல்லும். அறிவு சொல்வதைக் கை உடனே செய்யும்படி பழக்குவதே பயிற்சி.

இதனை ஆசிரியர் தரைக்கு அருகில் செய்வதில்லை. போதிய உயரத்திற்கு ஏறி, சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று உறுதி செய்தபின், வேண்டுமென்றே விமானத்தை அந்நிலைக்குக் கொண்டுபோகிறார். தவறு நேர இடமும், திருத்த நேரமும், பக்கத்தில் ஆசிரியரும் இருக்கும் வேளையில் தவறு பழகப்படுகிறது.

தோட்டத்தில் பால்வெட்டக் கற்ற பெரியோர்க்கு இது புதிதன்று. புதியவரிடம் இளமரத்தைக் கொடுப்பார்களா? வெட்டிச் சாய்க்கவிருக்கும் முதிய மரத்திலன்றோ பழகவிடுவர்? கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினாலும் பெருநட்டம் இல்லாத இடத்தில் கை பழகியபின்தான், நல்ல மரங்கள் உள்ள நிரையை ஒப்படைப்பர்.

தரையிறங்குதலும் தனிப்பறத்தலும்

அடுத்து, மாணவர் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறார். எழுதல், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் செவ்வக வடிவில் சுற்றி வருதல், இறங்குதல், மீண்டும் எழுதல். இவ்வாறு பல நாள் நிகழும். இறங்கும்போது தரையையே உற்றுப் பார்த்தால் உயரம் தெரியாது. ஓடுபாதையின் தொலைமுனையை நோக்க வேண்டும். தொடக்கத்தில் விமானம் பந்தைப்போலத் துள்ளுவதும் உண்டு. அப்போது அதனை வலிந்து தரையில் அழுத்தக் கூடாது. முழு ஆற்றலையும் கொடுத்து மேலெழுந்து, மறுபடியும் சுற்றி வர வேண்டும். இறங்காமல் திரும்பி எழுவது தோல்வியன்று. நெடுங்காலம் பறந்த விமானிகளும் பயணிகள் விமானத்தை அவ்வாறு திருப்பி எழுப்புவதுண்டு.

ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமலேயே, ஆசிரியர் விமானத்தை நிறுத்தச் சொல்வார். கதவைத் திறந்து இறங்குவார். வெற்றிருக்கையின் பட்டை அவிழ்ந்து பிடியில் சிக்கிக்கொள்ளாதிருக்க, அதனை இறுக்கிக் கட்டி வைப்பார். “ஒரு சுற்று சுற்றிவிட்டு வாரும்” என்பார். மிதிவண்டி பழக்கும் தந்தை பின்னாலிருந்து சொல்லாமலே கையை விட்டுவிடுவார். விமான ஆசிரியரோ சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார். மாணவர் அறிந்தே தனியாகப் பறக்க வேண்டும்.

ஆசிரியரின் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட விரைவில் மேலெழும். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் கட்டிவைத்த பட்டை மட்டுமே இருக்கும். ஆயினும் ஆசிரியர் சொன்ன சொற்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களே நீளும் அந்தச் சுற்றை எந்த விமானியும் வாழ்நாளில் மறப்பதில்லை.

அதன்பிறகும் கல்வி முடிவதில்லை. உலக நாடுகளின் பொது விதிப்படி, தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 17 வயதும், வழக்கமாக 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். வானிலை, வழியறிதல், சட்டம் முதலிய பாடங்களில் தேர்வும் உண்டு.

உஷா சுந்தரம்

தமிழர்க்கு நன்கு தெரிந்திருக்க வேண்டிய ஓர் இணையரை இங்கே நினைவுகூர்வோம். சென்னையில் வாழ்ந்த கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் ஆகிய இருவரும் விமானிகள். பெங்களூரின் ஜக்கூரில் இருந்த அரசு பறத்தல் பயிற்சிப் பள்ளியில் தேறி வந்த முதல் மாணவர் என்ற சிறப்பை உஷா அம்மையார் 1949-இல் பெற்றார். பெண்கள் வாகனம் ஓட்டுவதையே ஊரார் வேடிக்கை பார்த்த காலம் அது! 1951-இல் இவ்விருவரும் ‘டவ்’ என்னும் விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து சாதனை புரிந்தனர். பிற்காலத்தில் வாயில்லா உயிர்களைக் காக்கும் ‘புளூ கிராஸ்’ அமைப்பைச் சென்னையில் நிறுவியவர்களும் இவர்களே.

இலண்டனிலிருந்து பம்பாய் வரை பறந்த கைகளும் ஒரு காலத்தில் பயிற்சி விமானத்தில் தடுமாறிப் பழகிய கைகள்தாமே!

முடிவுரை

“வானத்தில் தடுமாறினால் எங்கே நிறுத்துவார்?” என்று கேட்டான் அம்மாணவன். நிறுத்துவதற்கு அங்கே இடமில்லை, தம்பி. ஆகையால்தான் தடுமாற்றத்தை மறைக்காமல், ஆசிரியர் அருகிலிருக்கும்போதே தடுமாறி, திருத்திப் பழகிக்கொள்கிறார்.

நம் வகுப்பறையும் இரண்டு இருக்கை விமானமே. பிழையான விடையை யாரும் பார்க்குமுன் அழித்துவிடும் மாணவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அழித்த பிழையை ஆசிரியர் எவ்வாறு திருத்துவார்? ஏட்டில் சிவப்பு மையைக் கண்டவுடன் பிள்ளையை அடிக்கும் பெற்றோரும் உளர். அன்புப் பெற்றோர்களே, சிவப்பு மை என்பது ஆசிரியரின் கை இன்னும் இரண்டாம் பிடியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அடிக்கு அஞ்சிப் பிழையை மறைக்கக் கற்ற பிள்ளை, நாளை தனியே நிற்கும் நாளில் துன்புறும்.

விமானப் பயிற்சிக்குப் பெரும்பொருள் செலவாகும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எல்லாரும் விமானி ஆக இயலாது. ஆயினும் பட்டியலைப் பார்த்துச் சோதித்தல், கணக்கைச் சரியாகப் போடுதல், புரியாததைக் கேட்டல், பிழையை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய நான்கிற்கும் காசு வேண்டா. அவற்றை இப்பள்ளியிலேயே கற்கலாம். ஆசிரியர்களாகிய நாங்கள் என்றேனும் ஒருநாள் இறங்கிக்கொள்வோம். அன்று நீங்கள் தனியே எழுந்து, சுற்றி வந்து, நலமே இறங்குவீர்களாக!

பயிற்சி வினாக்கள்

1. எரிபொருளில் கலந்த நீர் தொட்டியின் அடியில் தங்குவது ஏன்?
2. ஓடுபாதை ஒன்றின் ஒரு முனையில் 09 என்று எழுதியிருந்தால், மறுமுனையில் எந்த எண் இருக்கும்?
3. மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 255 கிலோமீட்டர் செல்ல எவ்வளவு நேரமாகும்? மணிக்கு 23 லிட்டர் வீதம் எவ்வளவு எரிபொருள் செலவாகும்?
4. சிறகு ஏறுவிசையை இழக்கும்போது பிடியை ஏன் பின்னே இழுக்கக் கூடாது?
5. நீ அண்மையில் செய்த பிழை ஒன்றையும், அதனைத் திருத்திக்கொண்ட விதத்தையும் பத்து வரிகளில் எழுதி உன் பெற்றோரிடம் படித்துக் காட்டுக.